லண்டன் ஜக் நெடுங்கேணிக் கிணற்றுக்குச் சரிவருமா?

கேள்வி: ஐயா, நாங்கள் நெடுங்கேணிப் பக்கம். கட்டுக்கிணற்றுத் தண்ணிதான் குடிக்கிறம். கேத்திலில் வெள்ளையாய்ப் படியுது, தேத்தண்ணியிலும் ஆடை மாதிரி மிதக்குது. லண்டனில் இருக்கிற தம்பி, தான் பாவிக்கிற மாதிரி வடிகட்டி ஜக் ஒன்று அனுப்பட்டோ என்று கேட்கிறான். போன கிழமை ஒரு பெடியன் வந்து மீற்றர் வைத்துப் பார்த்துவிட்டு "இது விசம்" என்று சொல்லி, தண்ணி வடிக்கிற ஒரு மெசினுக்கு முற்பணம் கேட்டவர். மாமிக்கு கிரியற்றினின் (சிறுநீரகம் கழிக்க வேண்டிய இரத்தக் கழிவு) கூட என்று கிளினிக்கில் சொல்லியிருக்கினம். சின்னவளுக்கு ஆறு வயது. எந்த ஜக் நல்லது?

பதில்: தங்கச்சி, எந்த ஜக் என்பதைக் கடைசியில் பார்ப்போம். கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்காமல் ஜக் வாங்குவது, காய்ச்சல் என்னவென்று தெரியாமல் பாமசியில் குளிசை வாங்குகிற மாதிரி. ஆனாலும் தம்பி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

லண்டன் தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீர்தான். தம்பியின் கேத்திலிலும் வெள்ளை படிந்திருக்கும், ஜக் வாங்கியபின் குறைந்திருக்கும். அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். ஜக்குக்குள் போடுகிற பில்டரில் இரண்டு சாமான் இருக்கும். ஒன்று கரி, பெரும்பாலும் எங்கள் தேங்காய்ச் சிரட்டையில் செய்வது. அது குளோரின் மணத்தையும் கெட்ட சுவையையும் பிடிக்கும். மற்றது பிசின் மணிகள். அவை சுண்ணாம்பில் ஒரு பங்கைப் பிடிக்கும். அங்கே குழாயில் வருவது கிருமி கொன்று, சோதித்து, குளோரின் போட்டு அனுப்பிய தண்ணீர். அதை நாக்குக்கு இதமாக்கத்தான் இந்த ஜக் செய்யப்பட்டது. உங்கள் கிணற்றுக்கு அப்படி முன்வேலை ஒன்றும் நடக்கவில்லை.

உங்கள் பக்கத்துக் கிணற்றில் நான் பயப்படுவது இரண்டுக்கு. கருங்கற்பாறை நிலத்தில் ஊறுகிற தண்ணீரில் புளோரைட் கூடலாம், அது பல்லில் கறை பிடிக்க வைக்கிற ஓர் உப்பு. மலகூடக் குழி கிட்ட இருந்தால் கிருமி வரலாம். இரண்டும் கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் பிடிபடாது. சாதாரண கரி ஜக் இரண்டையும் நிறுத்தாது. பெட்டியில் "வெள்ளி கலந்த கரி" என்று போட்டிருப்பார்கள். அந்த வெள்ளி, கரிக்குள்ளே கிருமி பெருகாமல் பார்ப்பதற்கு. தண்ணீரில் வருகிற கிருமியைக் கொல்லும் என்று நினைக்க வேண்டாம்.

கேத்தில் வெள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. அது கல்சியம் காபனேற்று. தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ விட்டால் கரைந்துபோகும். கேத்திலில் படிகிறது சிறுநீரகத்திலும் படியும் என்று ஊரில் சொல்லித் திரிகிறார்கள், அந்தக் கணக்கு அவ்வளவு லேசானது அல்ல. காரணம் தெரியாத அந்தச் சிறுநீரக நோய் 1990களில் இருந்து வடமத்திய மாகாணத்திலும், எல்லையில் உங்கள் மாவட்டத்திலும் இருக்கிறது. தண்ணீரின் கடினமும் (கரைந்த சுண்ணாம்பின் அளவு) புளோரைட்டும் சேர்ந்து வேலை செய்கிறதோ என்று ஆய்வாளர் சிலர் சந்தேகிக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. அந்த முடிவு வராத இடைவெளிக்குள்தான் வியாபாரி கதிரை போட்டு இருக்கிறான்.

உங்கள் வீட்டுக்கு வந்தவரும் அந்தக் கதிரைக்காரர்தான். அவர் வைத்த மீற்றர், தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்பதை அளந்து, கரைந்த உப்பின் மொத்தத்தை ஓர் எண்ணாகக் காட்டும். எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. புளோரைட்டைத் தனியாகக் காட்டாது, கிருமியைக் காட்டவே காட்டாது. அடுத்த முறை வந்தால் ஓர் இளநீர் வெட்டி அதற்குள் மீற்றரை விடச் சொல்லுங்கள். எண் ஆயிரக்கணக்கில் ஏறும். இளநீர் விசமோ? பிறகு, காகம் எச்சமிட்ட கூரையில் வழிந்த மழைத்தண்ணீரில் விடச் சொல்லுங்கள். எண் மிகக் குறைவாய் வரும்.

இவர்களிடம் இன்னொரு வித்தை உண்டு. உங்களுக்குக் காட்டாவிட்டால் பக்கத்து வீட்டில் காட்டியிருப்பார். இரண்டு கிளாஸ் வைப்பார்கள், ஒன்றில் உங்கள் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் மெசின் தண்ணீர். கம்பிகள் உள்ள ஒரு கருவியை இரண்டிலும் விட்டுக் கரண்ட் கொடுப்பார்கள். உங்கள் கிளாஸ் மண்ணிறமாகி நுரைக்கும், மெசின் கிளாஸ் தெளிவாய் நிற்கும். "இதைத்தானம்மா பிள்ளைக்குக் குடுக்கிறியள்" என்பார்கள். அந்த மண்ணிறம் கிணற்றில் இருந்து வரவில்லை. உப்புள்ள தண்ணீரில் கரண்ட் ஓடும், ஓடும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாய் வரும். உப்பில்லாத மெசின் தண்ணீரில் கரண்ட் ஓடாது, கம்பியும் கரையாது. அவ்வளவுதான் வித்தை. குசினியில் இருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்து வந்து அவருடைய தெளிந்த கிளாஸில் போட்டு, திரும்பச் செய்யச் சொல்லுங்கள். அதுவும் மண்ணிறமாகும். நான் ஒரு வீட்டில் இதைச் செய்யச் சொன்னபோது பெடியன் கருவியைப் பையில் வைத்துவிட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டான். அவனில் எனக்குக் கோபம் இல்லை, கமிசனுக்கு ஓடுகிற பிள்ளை. அவனை அனுப்பியவர்களில்தான் கோபம். முற்பணம் கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டோடு திருப்பிக் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள்.

இனிச் சோதனை. நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டாலும் வழி சொல்லுவார். மூன்று எண் போதும்: புளோரைட், மொத்தக் கடினம், மலம் கலந்ததைக் காட்டுகிற ஈ-கோலைக் கிருமி. குடிதண்ணீருக்கான இலங்கைத் தர நியமம் 614 சொல்கிற மேலெல்லை, புளோரைட்டுக்கு லீற்றருக்கு 1 மில்லிகிராம், கடினத்துக்கு 250. ஈ-கோலை 100 மில்லிலீற்றரில் ஒன்றும் இருக்கக்கூடாது. புளோரைட்டையும் கடினத்தையும் ஆவணி, புரட்டாசியில் கிணறு வற்றி உப்புத் தடிக்கிற நேரம் பாருங்கள். கிருமியை மாரி மழைக்குப் பிறகு பாருங்கள். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தருகிற கிருமி நீக்கிய போத்தல்தான் வேண்டும், எடுத்த அன்றே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

சொல்ல லேசு என்று எனக்கும் தெரியும். காலை பஸ் எடுத்துப் போனால் "இண்டைக்குச் சாம்பிள் எடுக்கிறதில்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். ஒரு முறை என் கையாலேயே கொண்டுபோன போத்தல் ஒரு மேசையில் இரண்டு நாள் கிடந்தது. வந்த அறிக்கை முழுக்க ஆங்கிலம், விளக்கம் ஒரு வரிகூட இல்லை. ஊர்க் கிணறுகளில் வருசா வருசம் வந்து தண்ணீர் எடுத்துப் போகிறவர்களும் கிணற்றுச் சொந்தக்காரருக்கு முடிவைச் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் அந்த மீற்றர்ப் பெடியனுக்கு இந்த ஊரில் வேலை இருக்குமோ? சரி, அதை விடுவோம்.

புளோரைட் 1-க்கு மேல் வந்தால் ஜக் கதை அத்தோடு முடிந்தது. காய்ச்சினாலும் அது போகாது, தண்ணீர் வற்ற இன்னும் தடிக்கும். சின்னவளுக்கு ஆறு வயது என்கிறீர்கள். நிலைத்த பற்கள் முரசுக்குள் உருவாகிற வயது, எட்டு வரைக்கும் கவனம் வேண்டும், பழுப்புக் கறை பிடித்தால் பிறகு போகாது. குடிக்கவும் சமைக்கவும் மட்டும் பைப் தண்ணீரோ, ஊரில் பராமரிக்கிற ஆர்.ஓ. (சவ்வு வழியாய் அழுத்தி உப்பை நீக்குகிற முறை) நிலையத்துத் தண்ணீரோ எடுங்கள். குளிக்க, தோய்க்கக் கிணறு போதும். வீட்டுக்குள் பூட்டுகிற ஆர்.ஓ. மெசின், ஒரு லீற்றர் தர இரண்டு மூன்று லீற்றரைக் கழித்து ஊற்றும். கோடையில் உங்கள் கிணறு அதைத் தாங்குமோ என்று நீங்களே பாருங்கள்.

புளோரைட் எல்லைக்குள் இருந்தால் தம்பி ஜக்கை அனுப்பட்டும். தேத்தண்ணி ஆடை குறையும். பெட்டியில் என்.எஸ்.எஃப். (வடிகட்டிகளுக்கான அமெரிக்கத் தர நியமம்) 42 என்று இருந்தால் மணம், சுவைக்கு மட்டும். 53 என்றால் ஈயம் போன்ற கேடுகளுக்கு, அதிலும் பட்டியலில் எழுதியதற்கு மட்டும். "நியமப்படி சோதித்தது" என்று எழுதியிருப்பதும் சான்றிதழும் ஒன்றல்ல. வழக்கமான பில்டர் ஒன்று 100 தொடக்கம் 150 லீற்றர் வரை என்பார்கள். உங்கள் வீட்டில் குடிக்க, தேத்தண்ணிக்கு என்று நாளுக்கு 12 லீற்றர் போனால் எட்டு முதல் பன்னிரண்டு நாள். கடினம் கூடின தண்ணீரில் அதற்கும் முன்னமே ஓயும். ஒரு வருசத்துக்கு முப்பதுக்கு மேல் பில்டர், லண்டனில் இருந்து பார்சலில். இந்தக் கணக்கைத் தம்பிக்குச் சொன்னீர்களா? ஜக்கில் வடித்த பின்னும் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், கொதிப்பு கடைசிப் படியாக இருக்கட்டும். செலவு வேண்டாம் என்றால், இரவு நன்றாய்க் கொதிக்கவிட்டு மூடி வைத்து, காலையில் அடிமண்டியை விட்டு மேல் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடித்து எடுங்கள். சுண்ணாம்பில் ஒரு பங்கு அடியில் தங்கிவிடும்.

மாமியின் விசயம் வேறு. இதை யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள், அதனால் நான் இரண்டு தரம் சொல்கிறேன். சில ஜக்குகளின் பில்டர் சுண்ணாம்பைப் பிடிக்கிறபோது தண்ணீரில் பொற்றாசியத்தைக் கொஞ்சம் கூட்டும். எங்களுக்கு அது ஒன்றும் இல்லை, ஒரு வாழைப்பழத்தில் அதைவிடக் கூட. சிறுநீரகம் பழுதானவர்களில் சிலருக்கு டொக்டர் பொற்றாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார், அவர்களுக்கு அது கணக்கில் வரும். தயாரிப்பாளரே கையேட்டில் சிறுநீரக நோயாளர் டொக்டரிடம் கேட்க வேண்டும் என்று எழுதுகிறார்கள், எழுத்துத்தான் எறும்பளவு. மாமிக்குப் பொற்றாசியக் கட்டுப்பாடு இருக்கிறதா, இல்லையா? கிளினிக்கில் கேட்டுத் தெரியும்வரை அந்த ஜக் தண்ணீரை மாமிக்குக் கொடுக்க வேண்டாம். தம்பி வாங்குமுன் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து அனுப்பட்டும், அடுத்த கிளினிக் நாளில் அதை டொக்டரிடம் காட்டுங்கள்.