ஆயில் பெயிண்டில் புயல்நேரக் கடலை வரைந்தால் நுரை பஞ்சுப்பொதி மாதிரி வருகிறது. என்ன செய்யலாம்?

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: நுரை என்றதும் கை நேராக டைட்டானியம் ஒயிட் என்ற பளிச்சென்ற வெள்ளைக்குப் போய்விடுகிறது. மேகம் மூடிய நாளில் கடற்கரைக்குப் போய், ஒரு வெள்ளைத்தாளைக் கடலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நுரையில் பெரும்பகுதி சாம்பல் நிறம். நிழல்பக்கம் நீலம் ஓடிய சாம்பல். கரையை ஒட்டி மணலைக் கிளறிக்கொண்டு வருகிற நுரை பழுப்பு. சுத்த வெள்ளை, வெளிச்சம் நேராகப் படும் ஒன்றிரண்டு இடத்தில் மட்டுமே. அதனால் வெள்ளையைக் கடைசிவரை தொடாமல் வையுங்கள்.

சாம்பலுக்கு அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும், கொஞ்சம் வெள்ளையும் போதும். நீலம் கூடினால் மேகம், சியன்னா கூடினால் ஈரப்பாறை. வானமும் கடலும் ஒரே கலவையிலிருந்து வருவதால் படம் துண்டுதுண்டாக நிற்காது.

அப்புறம், நுரையை வரைவதைவிட அதற்கு நடுவே இருக்கும் ஓட்டைகளை வரையுங்கள். இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். உடைந்த அலைக்குப் பின்னால் நுரை வலைபோல் விரிந்து கிடக்கும். இடைவெளிகளில் இருண்ட தண்ணீர் தெரியும். அந்த இருட்டுத் திட்டுகள் கிட்டே பெரிதாகவும், தூரம் போகப்போகச் சிறுத்துத் தட்டையாகவும் இருக்கும். அலை எழும்பும் இடத்தில் அதன் வளைவோடு மேலேறும். இது சரியாக விழுந்தாலே நுரை தண்ணீர்மேல் படிந்துவிடும். காற்று சிதறடிக்கும் விளிம்புகளை மட்டும், ஈரம் காயும் முன் உலர்ந்த பிரஷால் காற்றடிக்கும் திசையில் இழுத்துவிடுங்கள்.

மடங்கி விழப்போகும் அலையின் மேல்விளிம்பில் தண்ணீர் மெல்லியதாக இருக்கும். பின்னாலிருந்து வரும் ஒளி ஊடுருவி அங்கே பச்சை தெரியும். விரிடியன் என்ற குளிர்ந்த பச்சையோடு, மண்மஞ்சளான மஞ்சள் ஓக்கர் துளி சேர்த்துப் பாருங்கள். இதற்கு ரஷ்யக் கடல் ஓவியர் ஐவசோவ்ஸ்கியின் 'ஒன்பதாம் அலை' (1850) படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது பெரிய பாடம். கருங்கடல் ஓரத்து ஃபியோடோசியாவில் பிறந்த அவர், கடலை ஸ்டுடியோவில் நினைவிலிருந்தே வரைந்தவர். ஓடுகிற அலையைப் பார்த்துப் பார்த்து வரைய முடியாது என்பது அவர் கட்சி.

ஸ்காட்லாந்தின் கேட்டர்லைன் என்ற மீனவ கிராமத்தில் வாழ்ந்த ஓவியர் ஜோன் ஏர்ட்லி இதற்கு நேர் எதிர். புயலடிக்கும்போது கரையிலேயே பெரிய பலகைகளை நிறுத்தி வரைந்தார். 1963இல், 42 வயதில் இறந்துபோனார். அவருடைய கடல் படங்களில் அலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே பிடிபடாது. எனக்கு அவர்தான் ஒரு படி மேல். ஆனால் ஆரம்பத்தில் இருவரிடமும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள்: கரையில் சின்ன அட்டையில் நிறங்களை மட்டும் வேகமாகக் குறித்துக்கொண்டு, பெரிய கேன்வாஸை வீட்டில் போடுங்கள். போட்டோவை மட்டும் நம்பாதீர்கள். அதில் நுரை வெளுத்துப்போய், நான் சொன்ன சாம்பல்களெல்லாம் காணாமல் போயிருக்கும்.

கடைசியாக ஒன்று. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாக, மேலே போகப்போகக் கூடுதலாக இருக்கட்டும். மாற்றிச் செய்தால் நாளடைவில் வெடிப்பு விடும். பெயிண்ட் பூசும் கத்தியால் தடிமனாக வைத்த நுரை மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும், உள்ளே காய மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வார்னிஷ் அடிக்காதீர்கள்.