இலையுதிர்கால குவில்ட்டும் போர்ச்சும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒஹாயோவிலிருந்து எழுதுகிறேன். கோடையில் தொடங்கிய மேப்பிள் இலை வடிவ குவில்ட் (நடுவில் பஞ்சு அடுக்கு வைத்துத் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வை; 50க்கு 60 அங்குலம்) ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஓரத்தைச் சுற்றித் தைக்கும் ஓரப்பட்டை மட்டும் பாக்கி. அதைக் கையால் ஹெம்மிங் செய்ய நேரமில்லை, மெஷினில் தைத்தாலோ தரம் குறையும் என்கிறார்கள். முடித்தபின் பூசணிக்காய்களும் சாமந்தித் தொட்டிகளும் வைத்த போர்ச்சின் (வீட்டு முன்தாழ்வாரத்தின்) தடுப்புக் கைப்பிடியில் சீசன் முழுவதும் அதைத் தொங்கவிட விரும்புகிறேன். என்ன சொல்கிறீர்கள்?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தயங்காமல் மெஷினிலேயே தையுங்கள். குவில்ட் முதலில் நைந்துபோவது ஓரத்தில்தான் என்பதால், பலர் எடுத்துப் போர்த்திக்கொள்ளப்போகும் ஒன்றுக்கு இயந்திரத் தையலின் உறுதி நல்லதே. அதைத் தரக்குறைவு என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. உங்கள் அளவுக்குச் சுற்றளவு 220 அங்குலம் வரும். மூலைகளுக்கும் இணைப்புகளுக்கும் சேர்த்து, இரண்டரை அங்குல அகலப் பட்டையை 240 அங்குல நீளத்துக்குத் தயார் செய்துகொள்ளுங்கள். துண்டுகளைக் குறுக்காகச் சாய்த்து இணைத்தால் தடிப்பு ஒரே இடத்தில் திரளாது. பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, முதலில் குவில்ட்டின் பின்பக்கத்தில் கால் அங்குலம் விட்டுத் தைத்து, பிறகு முன்பக்கம் திருப்பி விளிம்பை ஒட்டித் தைத்தால், கண்ணில் படும் தையல் உங்கள் பார்வையிலேயே நேராக விழும். ஒவ்வொரு மூலைக்கும் கால் அங்குலம் முன்பே தையலை நிறுத்தி, பட்டையை மேல்நோக்கிச் சாய்வாக மடித்து மீண்டும் கீழே இறக்குங்கள். அவசரப்படக் கூடாத இடம் இது ஒன்றுதான்.

சீசன் முழுவதும் தொங்கவிடுவதை மட்டும் வேண்டாம் என்கிறேன். இத்தனை மாத உழைப்பு வெயிலில் வெளுப்பதை நினைக்கவே எனக்கு மனம் வரவில்லை. பருத்திச் சாயம் வெயிலில் வெளுக்கும். அதிலும் கைப்பிடியில் மடிந்து கிடக்கும்போது வெயில் படும் பாதி மட்டும் வெளுத்து, நடுவில் ஒரு கோடு நிரந்தரமாக விழுந்துவிடும். இலையுதிர்காலப் பனி இரவில் இறங்கி உள்ளே இருக்கும் பஞ்சு அடுக்கில் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே ஆட்கள் வந்து அமரும் மாலையில் வெளியே கொண்டுவந்து, அவர்கள் எழுந்ததும் உள்ளே எடுத்துவிடுங்கள். அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட் என்ற ஊர்ப் பெண்கள் தேய்ந்த வேலை உடைகளிலிருந்து தைத்த குவில்ட்டுகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 2006-இல் அமெரிக்கத் தபால்தலைகளிலும் இடம்பெற்றன. அவையெல்லாம் குளிருக்குப் போர்த்திக்கொள்ளத் தைக்கப்பட்டவை என்பதை நினைக்கும்போதெல்லாம், குவில்ட்டுக்கு உரிய இடம் மனிதர்களின் மடி என்ற என் எண்ணம் வலுப்படுகிறது.

போர்ச்சைப் பொறுத்தவரை, அலங்காரத்துக்கு முன் ஒட்டடை அடித்துக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். நாற்காலிகளிலும் கைப்பிடியிலும் சிலாம்பு இருந்தால் உப்புத்தாள் கொண்டு தேய்த்துவிடுங்கள், தையல் நூல் அதில்தான் சிக்கி இழுபடும். சாமந்தியை முழுதும் மலர்ந்ததாக வாங்காமல் மொட்டு நிறைந்ததாகப் பார்த்து வாங்கி, தண்ணீரைப் பூவில் தெளிக்காமல் மண்ணில் ஊற்றுங்கள். செதுக்கிய பூசணி சில நாட்களில் அழுகத் தொடங்கும், செதுக்காதது வாரக்கணக்கில் நிற்கும்; அடியில் ஈரம் தேங்காதபடி வைக்கோலோ பலகையோ போட்டு வையுங்கள். குவில்ட் விரியும் இடத்துக்கு அருகே மெழுகுவர்த்தி வேண்டாம், பேட்டரி விளக்கு போதும்.

சீசன் முடிந்ததும் குளிர்ந்த நீரில் துவையுங்கள். சிவப்பும் செம்பழுப்பும் புதிய துணியில் சாயம் விடக்கூடும் என்பதால், சாயத்தை உறிஞ்சும் தாளொன்றைக் கூடவே போடுவது நல்லது. ஈரக் குவில்ட்டைக் கொடியில் தொங்கவிட்டால் அதன் எடை தையல்களை இழுக்கும். சமதளத்தில் விரித்தே உலர்த்துங்கள்.