கேளுங்கள்: வடகிழக்குச் சீனாவின் சிற்றூரில் குடியிருக்க

கேள்வி: கணவருக்கு ஹெய்லோங்ஜியாங் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில் இரண்டு வருட வேலை. அக்டோபரில் போகிறோம். வாடகை வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்? மைனஸ் 30 டிகிரியைக் குழந்தை தாங்குமா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: தாங்கும். வெளியே மைனஸ் 30 அடித்தாலும் வீட்டுக்குள் 22, 23 டிகிரி இருப்பது சாதாரணம். பொதுக் கொதிகலனிலிருந்து வெந்நீர் குழாய் வழியே வீட்டுக்கு வீடு ஓடுகிறது. மாகாணத் தலைநகர் ஹார்பினில் இது அக்டோபர் 20 முதல் ஏப்ரல் 20 வரை. தெற்கே ஷென்யாங்கில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை. உண்மையில் சிரமப்படுத்துவது வெந்நீர் திறப்பதற்கு முந்தைய இரண்டு வாரம்தான். அதற்கு ஒரு மின் ஹீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே கட்டடத்தில்கூட வீட்டுக்கு வீடு சூடு மாறும். நடு மாடியில், இரண்டு பக்கமும் வேறு வீடுகள் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மேல்மாடி, தரைத்தளம், கட்டடத்தின் ஓரச் சுவர் உள்ள வீடுகள் குளிரும். வாடகை குறைவாகச் சொன்னால் பெரும்பாலும் காரணம் அதுதான். ஓரச் சுவர் மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் கரும்பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சுவரில் மட்டும் புதுத் தாள் ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். சூட்டுக் கட்டணம் சதுர மீட்டர் கணக்கில் வரும், சீசனுக்கு முன்பே கட்ட வேண்டும். கட்டுவது நீங்களா வீட்டுக்காரரா என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

சீசன் தொடங்குமுன் குழாயில் தண்ணீர் ஏற்றிச் சோதிப்பார்கள். படிக்கட்டுக் கதவில் அறிவிப்பு ஒட்டியிருக்கும். அன்றைக்கு வீட்டில் ஆள் இருந்தே ஆக வேண்டும். இணைப்பு கசிந்தால் கீழ்வீட்டுக் கூரை நனைந்து, நஷ்டஈடு உங்கள் தலையில் விழும். அறையைச் சூடாக்கும் வெந்நீர்ப் பெட்டியான ரேடியேட்டரின் மேல்பாதி மட்டும் சில்லென்று இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. மேல் முனைத் திருகைக் கால் சுற்று திறந்து, சீறல் நின்று தண்ணீர் சீராக வந்ததும் மூடுங்கள். கீழே பாத்திரம் வையுங்கள். வருவது கறுப்பாக இருக்கும், எதற்கும் ஆகாது. சூட்டில் காற்று வறண்டு குழந்தைக்கு மூக்கில் ரத்தம் வரலாம். ஈரத் துண்டை ரேடியேட்டர் மேல் போட்டு வையுங்கள்.

கேள்வி: போலீஸ் பதிவு, தங்கும் அனுமதி இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. ஹோட்டலில் தங்கினால் பதிவை அவர்களே செய்வார்கள். சொந்த ஜாகைக்குப் போனால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். தவறினால் 2,000 யுவான் வரை அபராதம். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல், வீட்டுப் பத்திர நகல் கேட்பார்கள். வீட்டுக்காரரையே கூட்டிப்போவது உத்தமம். சின்ன ஊரில் அந்தக் காவலர் வெளிநாட்டவரைப் பதிவதே முதல் தடவையாக இருக்கலாம். பொறுமையாக உட்கார்ந்து, அச்சடித்த சீட்டை வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

வேலை விசாவில் வருபவர் நாட்டுக்குள் நுழைந்த 30 நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதலில் மருத்துவப் பரிசோதனை. அதற்குப் பெரிய நகரத்துக்குப் போக வேண்டியிருக்கும். பிறகு பாஸ்போர்ட்டை 15 வேலை நாள் வரை வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள். அக்டோபர் 1 முதல் ஒரு வாரம் அலுவலகங்கள் மூடியிருக்கும் என்பதால் அந்தத் தேதியை ஒட்டிப் போய் இறங்காதீர்கள்.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இல்லாதவர்கள், இனிஷியலைப் பெயரோடு சேர்த்தவர்கள் நம்மில் நிறைய. சிம் கார்டு, வங்கி, ரயில் டிக்கெட் என எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டின் அடியில் உள்ள இரண்டு வரிகளில் முதல் வரியின் வரிசைப்படியே பெயர் பதியட்டும். ஓர் இடத்தில் மாறினாலும் பின்னால் சரிபார்ப்பில் தடுக்கும்.

கேள்வி: சைவம் சாப்பிட வழி உண்டா? ஊரிலிருந்து என்ன எடுத்துப்போகலாம்?

பதில்: உருளை, கத்தரி, பச்சைக் குடைமிளகாய் மூன்றையும் பொரித்துச் செய்யும் ‘தீ சான் ஷியன்’ எந்தக் கடையிலும் உண்டு. இறைச்சித் துண்டும் பன்றிக் கொழுப்பும் வேண்டாம் என்று சேர்த்தே சொல்லுங்கள். ‘இறைச்சி வேண்டாம்’ என்பது மட்டும் போதாது. அளவு பெரிது, ஒரு தட்டு இருவருக்குக் காணும். அரிசி குட்டையான, ஒட்டும் ரகம். அரை மணி ஊறவைத்து ஒரு பங்குக்கு ஒன்றேகால் பங்குத் தண்ணீர் வைத்தால் போதும். நம் பழக்கப்படி இரண்டு மடங்கு ஊற்றினால் குழைந்துவிடும். பாசிப்பயறும் வேர்க்கடலையும் சந்தையில் தாராளம். துவரையும் உளுந்தும் அங்கே கிடைக்காது, ஆன்லைனில் தேட வேண்டும்.

மசாலாப் பொடிகள் எடுத்துப்போங்கள். பச்சைக் கறிவேப்பிலை, பழங்கள், இறைச்சி, பால்பொருட்கள் சுங்கத்தில் பறிமுதலாகும், நெய்யையும் விட்டுவிடுங்கள். கசகசா கூடவே கூடாது. அது அபினிச் செடியின் விதை, அங்கே கட்டுப்பாடு கடுமை.

கேள்வி: பணம் கட்டுவது எப்படி? கைபேசி குளிரில் அணைந்துவிடுமாமே?

பதில்: கிளம்புமுன்பே, கைபேசியில் பணம் கட்டும் செயலிகளான அலிபே, வீசாட் இரண்டிலும் விசா அல்லது மாஸ்டர்கார்டு வங்கி அட்டையை இணைத்துப் பாஸ்போர்ட் சரிபார்ப்பை முடியுங்கள். ஒரு தடவை கட்டும் தொகை 200 யுவானுக்குள் இருந்தால் கட்டணமில்லை. தாண்டினால் 3 சதவீதம். காய்கறிக்காரரின் தனிநபர் கியூஆரில் வெளிநாட்டு அட்டை சில சமயம் போகாது என்பதால் பத்து, இருபது யுவான் தாள்கள் பையில் இருக்கட்டும்.

கைபேசி அணைவது உண்மைதான். குளிரில் பேட்டரியின் உள்தடை கூடி, 40 சதவீதம் காட்டும்போதே நின்றுவிடும். சட்டை உள்பையில் வையுங்கள். வீட்டுக்குள் வந்ததும் சார்ஜில் போடாமல் அரை மணி பையிலேயே விடுங்கள். சில்லிட்ட பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால் நிரந்தரமாகக் கெடும், வெளியே எடுத்தால் ஈரம் கோர்க்கும்.