ஊர்ப் பிரச்சினைக்காக இளைஞர்கள் முன்வரும்போது பெரியவர்கள் எப்படித் துணை நிற்கலாம்?

கேள்வியைப் பார்த்ததும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் பத்திரமும் மனுவும் எழுதித் தருவது என் தொழில். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துத் தென்னையெல்லாம் சாய்ந்த மறு வருடம், காலேஜ் படிக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் என்னிடம் வந்தார்கள். குளத்துக்குத் தண்ணீர் வரும் வரத்து வாய்க்காலை மீட்க வேண்டும், மனு எழுத வேண்டும் என்றார்கள்.

அன்று நான் செய்தது தப்பு. அவர்கள் பேசி முடிப்பதற்குள் பேனாவை எடுத்து, 'பணிந்து சமர்ப்பிக்கும் விண்ணப்பம்' என்று தொடங்கி நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். கிராம சபையில் அதை வாசித்ததும் ஊர்ப் பெரியவர் ஒருவர்தான். பிள்ளைகள் சுவரோரம் நின்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் வெட்ட நாலே பேர் வந்தார்கள். பி.எஸ்சி. இரண்டாம் வருடம் படித்த பெண் ஒருத்தி, "அத்தை, நாங்க சொன்னது ஒண்ணுகூட அதுல இல்லையே" என்றாள். நகலை எடுத்துப் பார்த்தேன். எந்த இடத்தில் எத்தனை அடி குறுகியிருக்கிறது என்று கயிறு பிடித்து அளந்து நோட்டில் எழுதி வந்திருந்தார்கள். நான் 'நீர்வழிப் பாதை ஆக்கிரமிக்கப்பட்டுள்ளது' என்று ஒரே வரியில் முடித்திருந்தேன்.

இரண்டாவது மனுவை அவளே எழுதினாள். "இருபது அடி இருந்த இடத்தில் இப்போது ஏழு அடிதான் இருக்கிறது. மழைத் தண்ணீர் குளத்துக்குப் போகாமல் ரோட்டில் நிற்கிறது." இருபத்தைந்து வருடத்தில் நான் இப்படி ஒரு மனு எழுதியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நான் சொன்னதெல்லாம் சர்வே எண்ணைப் போடு, புலப்படத்தின் (நிலத்தின் அளவு வரைபடம்) நகலைச் சேர், கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதே என்பதுதான்.

பெரியவர்களிடம் இருக்கும் சொத்து இந்த மாதிரி விவரங்கள்தான். நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் பெறும் குளம் என்றால் நீர்வளத் துறை (அப்போது பொதுப்பணித் துறை), அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் பிள்ளைகள் முதல் மனுவைச் சம்பந்தமில்லாத அலுவலகத்தில் கொடுத்திருந்தார்கள். மாதக்கணக்கில் அது அங்கேயே கிடந்தது, இடம் மாறி வந்திருக்கிறது என்று சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இதைச் சொன்னபோது அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

கிராம சபைக்கு நீங்கள் போய் உட்காருவதே பெரிய உதவி. 500க்கு மேல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 100 பேர் இருந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தபட்சம் வேண்டிய ஆட்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் கணக்கு. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் எவ்வளவு உழைத்தாலும் அந்த நூறில் வரமாட்டார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு நான் போனேன், அவ்வளவுதான். இன்னொன்று, தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்ட பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். வெறும் பக்கத்தில் முதலிலேயே கையெழுத்து வாங்குகிற பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அதைத் தடுக்கப் பெரியவர் ஒருவர் எழுந்து கேட்டால் போதும்.

ஆனால் எல்லாவற்றையும்விடக் கனமான வேலை வீட்டில் இருக்கிறது. "கேஸு கீஸு ஆச்சுன்னா கவர்மெண்ட் வேலை போயிடும்" என்பதுதான் தாய் தகப்பனின் முதல் பயம். அது பொய்ப் பயம் இல்லை, போலீஸ் வேலைக்கு எழுதும் பையனுக்கு ஒரு எஃப்.ஐ.ஆர். எவ்வளவு பெரிய இடி என்று எனக்குத் தெரியும். அதனால் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். பேசுவதும் முடிவெடுப்பதும் அவர்கள், பிரச்சினை வரக்கூடிய காகிதத்தில் கையெழுத்து எங்களுடையது. அந்தப் பெண்ணின் அம்மாவிடம் மூன்று தடவை போய்ப் பேசினேன். நானும் கூடவே வருவேன், இருட்டுவதற்குள் வீட்டில் கொண்டுவந்து விடுவேன் என்று சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

துணை நிற்பது என்றால் மெரினாவை நினைத்துக்கொள்ளுங்கள். 2017 ஜனவரி 23 காலை ஜல்லிக்கட்டுக்காகக் கூடியிருந்தவர்களைப் போலீஸ் கலைத்தபோது, ஓடி வந்தவர்களுக்கு நடுக்குப்பம் மீனவ மக்கள் வீட்டைத் திறந்துவிட்டார்கள். அன்றைக்கே அவர்களுடைய மீன் சந்தை எரிந்துபோனது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கும்.

பணம் கொடுப்பதாக இருந்தால் கொடுங்கள், ஆனால் கணக்கை அவர்களே எழுதட்டும். எங்கள் ஊரில் ஜேசிபி வாடகை, டீசல், டீ வரைக்கும் எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டினார்கள். அதைப் பார்த்த பிறகு கேட்காமலே பணம் கொடுத்தவர்கள் உண்டு. "நான் கொடுத்தேன், என் பெயரை பேனரில் போடு" என்று வந்தவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

வாய்க்கால் முக்கால்வாசி திறந்துவிட்டது. ஒரு வளைவில் மட்டும் இன்னும் வேலி நிற்கிறது. வருகிற நவம்பர் 1 உள்ளாட்சி தினக் கிராம சபையில் அந்த இடத்தை அளக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்கள். இந்தத் தடவை வாசிக்கப்போவது அந்தப் பெண்ணின் தம்பி, ஓட்டுரிமை வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. "அத்தை, ஆளுங்களை மட்டும் கூட்டிட்டு வாங்க, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லியிருக்கிறான். இதுவரை அறுபது பேரிடம் சொல்லிவிட்டேன்.