ஜிஆர்இ: முதலில் நாள், அப்புறம் படிப்பு

பொறியியல் கடைசி வருடம். வெளிநாட்டில் மேற்படிப்புக்கு டிசம்பர் 15-க்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கேட்கும் ஜிஆர்இ தேர்வுக்கு எத்தனை மாதம் படிக்கணும்? (தக்கலை)

மாதக் கணக்கை விடுங்கள், மக்ளே. டிசம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மதிப்பெண் வர 8 முதல் 10 நாள் ஆகும். குறைந்துபோனால் மறுபடி எழுத 21 நாள் காத்திருக்க வேண்டும். ஆகவே செப்டம்பர் கடைசிக்குள் முதல் முறை எழுதிவிட்டால், இன்னொரு முறைக்குத் தாராளமாக நேரம் இருக்கும். கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகுதானே பந்தலுக்குச் சொல்கிறோம்!

முதல் வாரம் பாடத்தைத் தொடவே வேண்டாம். தேர்வை நடத்தும் இடிஎஸ் நிறுவனம் இலவசமாகத் தரும் இரண்டு பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளில் ஒன்றை எழுதுங்கள், 1 மணி 58 நிமிடமும் நாற்காலியை விட்டு எழாமல். எங்கெங்கே தவறியதோ அதற்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். இரண்டாவதைத் தேர்வுக்குப் பத்து நாள் முன்புவரை பத்திரமாக வைத்திருங்கள்.

வேலைக்குப் போகிறேன். தினமும் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. (நாகர்கோவில்)

போதும். ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கி வழிகிற ஒரு மணி நேரத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. விடியற்காலையில் 15 கேள்வி போடுங்கள். மீதி நேரம் தவறியது ஏன் என்று நோட்டில் எழுதுங்கள். நீளமான பயிற்சி சனிக்கிழமைக்கு. ஞாயிறு சர்ச், வீட்டு விசேஷம் என்று எப்படியும் போய்விடும், அதைத் திட்டத்திலேயே விட்டுவிடுங்கள்.

தமிழ் மீடியம். கணக்கு பயமில்லை. தினமும் 50 ஆங்கிலச் சொல் படிக்கிறேன், எதுவும் நிற்கவில்லை. (மார்த்தாண்டம்)

எப்படி நிற்கும்? பத்து போதும். அதே பத்தை மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று திரும்பிப் பாருங்கள். இன்னொன்று: வெர்பல் என்கிற ஆங்கிலப் பகுதியில் மொத்தம் 27 கேள்வி, அதில் ஏறக்குறையப் பாதி பத்தி படித்துப் பதில் சொல்வது. சொல் பட்டியல் அங்கே கைகொடுக்காது. தினம் ஒரு பத்தி படித்து, எழுதியவர் என்ன வாதிடுகிறார் என்று தமிழிலேயே ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி வரவில்லையென்றால் பத்தி புரியவில்லை என்றுதான் அர்த்தம். என் மாணவர்களுக்கு இதைவிடப் பலன் தந்த பயிற்சி வேறில்லை.

கணக்கிலும் அசட்டையாக இருந்துவிடாதீர்கள். அது இரண்டு பகுதியாக வரும்; முதல் பகுதியை எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் இரண்டாம் பகுதியின் கடினம் அமையும். தவறான பதிலுக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் எதையும் காலியாக விடக்கூடாது.

வீட்டிலிருந்தே எழுதலாமா? (குலசேகரம்)

எழுதலாம். ஆனால் நம் குமரி மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. கரண்ட் எப்போது போகும் என்று உங்களுக்கே தெரியும். சாதாரணக் காகிதத்தில் கணக்குப் போட முடியாது, சிறிய வெள்ளைப் பலகை போல அழித்து எழுதக்கூடியது வேண்டும். அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது. அம்மா பாசத்தோடு கட்டன்சாயா கொண்டுவந்தாலும் சிக்கல்தான், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.