முழங்கை வீக்கம்: தடவ வேண்டாம்

அக்கா, கொல்லாமரத்திலிருந்து கையை ஊன்றி விழுந்த 6 வயசுப் பையனுக்கு முழங்கை வீங்கியிருக்கிறது, நாட்டு வைத்தியரிடம் தடவிக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இந்த வயசில் இப்படி விழுந்தால் முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவதுதான் அதிகம். ரத்தக்குழாயும் நரம்பும் அதை ஒட்டியே ஓடுகின்றன. தடவினாலோ இறுக்கிக் கட்டினாலோ கைக்கே ஆபத்து.

நரம்பு வேலை செய்கிறதா என்று பார்க்க, கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் சேர்த்து வட்டம் போடச் சொல்லுங்கள். வராவிட்டாலோ, விரல்கள் வெளுத்து ஜில்லென்று இருந்தாலோ உடனே கிளம்புங்கள். வட்டம் வந்தாலும் சரி, இன்றைக்கே நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். கையை நிமிர்த்தாமல், இருக்கிற வாக்கிலேயே அட்டை வைத்துத் தளர்வாகக் கட்டிக் கொண்டுபோங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம். அதனால் வயிறு காலியாக இருக்கட்டும்; வழியில் பழம்பொரி கேட்டு அழுதாலும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.