பழைய காருக்கு முன்பக்கம் தடிமனான ஸ்வே பார் மாட்டப் போகிறேன், எதைக் கவனிக்க வேண்டும்?

உங்கள் கார் 1960களின் பின்சக்கர இழுவை வண்டி, வளைவில் ரொம்பச் சாய்கிறது, அதனால் கம்பெனி ஸ்வே பாரை (இடது வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைத்து, வளைவில் சாய்வைக் குறைக்கும் கம்பி) விடத் தடிமனான ஒன்றை வெளியில் வாங்கிவிட்டீர்கள், வீட்டிலேயே மாட்ட முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும். நல்ல சாக்கெட் செட்டும் இரண்டு ஜாக்கி ஸ்டாண்டும் இருந்தால் போதும். ஆனால் போல்ட்டை முறுக்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கார் நேராக நிற்கும்போது அந்தக் கம்பியில் துளிகூட முறுக்கு இருக்கக் கூடாது, அதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

தடிமனைப் பற்றி ஒரு வார்த்தை. கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். வடிவமும், இரு முனையிலும் வளைந்து நீளும் பாரின் கைகளின் நீளமும் ஒன்றாகவே இருந்து, 20 மி.மீ. பாருக்குப் பதில் 25 மி.மீ. போட்டால் விறைப்பு கிட்டத்தட்ட 2.4 மடங்கு ஆகிறது, 28 மி.மீ. என்றால் 3.8 மடங்கு. கையில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசமாகவே தெரியாது. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் பார் தன்னைத் தாங்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வளையமான புஷ்ஷுக்குள் சும்மா சுழலும், ஒரு பக்கம் மட்டும் ஏறும்போதுதான் முறுக்கிக்கொள்ளும், அதனால் ஒற்றைப் பள்ளத்தில் விழும்போது பழையதைவிட அதிகமாக உதறும். கணக்குப்படி பார்த்தால் முன்னால் விறைப்பு கூடக் கூட முன் டயரின் பிடி குறைந்து, வண்டி வளைவில் நேராகப் போகப் பார்க்க வேண்டும். ஆனால் பழைய சஸ்பென்ஷன்கள் பலவற்றில் பாடி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரமும் கூடவே சாய்ந்துவிடும், சாய்வைக் குறைத்தால் டயர் நிமிர்ந்து நின்று பிடி கூடுவதும் உண்டு. அளவோடு தடித்த முன் பார் ஒன்றிலேயே பல பழைய வண்டிகள் நன்றாகத் திருந்துவது இதனால்தான். கிடைத்ததிலேயே தடியானதை வாங்கியிருந்தால் ஒரு அளவு இறங்கி மாற்றிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

இன்னொன்றையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். மேக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக அமைந்த சஸ்பென்ஷன்) உள்ள சில கார்களில், உதாரணமாக இரண்டாம் தலைமுறை போர்டு எஸ்கார்ட்டில், சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடிக்கும் லோயர் ஆர்மை முன்பின் நகராமல் பிடித்துவைப்பதே இந்தப் பார்தான். அப்படிப்பட்ட வண்டியில் பாரை மாற்றினால் சக்கரத்தின் கோணமும் மாறும், வேலை முடிந்ததும் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும்.

கழற்றும்போது முன்பக்கம் இரண்டையும் ஒரே உயரத்துக்குத் தூக்கி, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், பாரின் முனையைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க்கின் போல்ட்டை எடுத்ததும் துள்ளிக் கையில் அடிக்கும். லிங்க்கின் நீளமான போல்ட் பெரும்பாலும் ஸ்லீவோடு சேர்ந்து துருப்பிடித்து ஒட்டிப்போயிருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள், அப்போதும் வரவில்லை என்றால் அறுத்துவிடுங்கள், புது லிங்க்தானே போடப் போகிறீர்கள்.

அப்புறம், நான் அதிகம் வலியுறுத்துவது பாரையும் புஷ்ஷையும் வண்டியோடு பிடிக்கும் பிராக்கெட் உட்காரும் இரும்பைத்தான். அந்தக் காலத்து வண்டியில் அந்த இடம் பெரும்பாலும் மெல்லிய தகட்டை மடித்துச் செய்த பெட்டி. பழைய மெல்லிய பாருக்கு அது போதும், இரண்டு மூன்று மடங்கு விறைப்பான பார் வளைவுக்கு வளைவு அதே தகட்டை மேலும் கீழும் இழுக்கும்போது ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும், சில வண்டிகளில் போல்ட்டோடு பிய்த்துக்கொண்டே வந்துவிடும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்குரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் வெல்டிங்கை முடித்துவிட்டுத்தான் பாரைத் தொட வேண்டும். உறுதியாக இருந்தாலும் தகட்டுக்குப் பின்னால் ஒரு தடித்த பிளேட் கொடுக்க வழியிருந்தால் கொடுத்துவிடுங்கள்.

புது பாரில் பவுடர் கோட்டிங் தடியாக இருக்கும். புஷ் உட்காரும் இடத்தில் அதை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். பாலியூரித்தேன் புஷ் என்றால் உள்பக்கம் முழுக்க சிலிகான் கிரீஸ் தடவ வேண்டும், இல்லையென்றால் கிறீச் கிறீச் என்று உயிரை வாங்கும். ரப்பர் புஷ்ஷுக்குச் சாதாரண பெட்ரோலிய கிரீஸ் ஆகாது, ஊறிப்போய் உப்பிவிடும். பிராக்கெட்டை இறுக்கிய பிறகும் பாரைக் கையால் மேலும் கீழும் அசைக்க வர வேண்டும். வரவில்லை என்றால் புஷ் அளவு சரியில்லை, அதை விட்டுவிட்டு மேலே போகாதீர்கள்.

எல்லாவற்றையும் முதலில் லூசாக மாட்டி, சக்கரத்தைப் போட்டு வண்டியைச் சமதரையில் இறக்குங்கள். படுத்து வேலை செய்ய இடம் பத்தாது என்றால் இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே உயர ரேம்பில் ஏற்றிக்கொள்ளலாம். முன்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கி விட்டு, பார் இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று அளந்து, பிராக்கெட்டை இறுக்குங்கள். கடைசி லிங்க் போல்ட் கையால் தள்ளினாலே ஓட்டைக்குள் வழுக்கிப் போக வேண்டும். பாரை நெம்பித்தான் நுழைக்க முடிகிறது என்றால் அது ஏற்கெனவே முறுக்கிக்கொண்டிருக்கிறது, வலது வளைவில் ஒரு மாதிரியும் இடது வளைவில் வேறு மாதிரியும் ஓடும். அந்தப் பக்க லிங்க்கின் நீளத்தை மாற்றிச் சரிசெய்யுங்கள். நட்டு நைலாக்காக (தானாகக் கழலாமல் நைலான் வளையம் பிடித்துக்கொள்ளும் வகை) இருக்கட்டும். லிங்க் ரப்பர் வாஷரின் விளிம்பு வரை பிதுங்கினால் போதும். பிராக்கெட் போல்ட்டுக்கு உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ள டார்க்கை (எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு) பின்பற்றுங்கள்.

ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பி டயர், டை ராடு, பிரேக் ஹோஸ் எதிலும் பார் உரசவில்லை என்று பாருங்கள், வண்டி தரையில் நிற்கும்போதும் சக்கரம் தொங்கும்போதும். ஆயில் பேனுக்கு அடியில் ஒரு உருண்டை களிமண் ஒட்டிவைத்து ஓட்டிப் பார்த்தால் இடைவெளி போதுமா என்று தெரிந்துவிடும்.

கொஞ்ச நாள் ஓட்டியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி பாருங்கள். சின்ன மேடு பள்ளத்தில் டொக் டொக் என்றால் லிங்க்கைச் சந்தேகப்படுங்கள். கூடவே பின்பக்கத்துக்கும் ஒரு பார் வாங்கச் சொல்லி யாராவது சொல்வார்கள். முன் பாரோடு மட்டும் நன்றாக ஓட்டிப் பழகி, டயர் காற்றழுத்தத்தையும் மாற்றிப் பார்த்த பிறகு அதை யோசியுங்கள். பின்னால் விறைப்பு கூடினால் வளைவில் வால் சுழற்றும், சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் உள்பக்கப் பின்சக்கரம் எடை குறைந்து வெறுமனே சுற்ற ஆரம்பிக்கும்.